இன்ஜினைத் தாங்கும் ரப்பரும் அதை அறிந்த கையும்

கதிர்காமத்தில் வழுதாவூர் சாலையை ஒட்டிய சந்தில் ஒரு பட்டறை. இரண்டு மாதமாக எங்கள் ஞாயிற்றுக்கிழமைகள் அங்கேதான் கழிந்தன. படிப்பு வட்டத்துக்கு வர வேண்டியவர்கள் காருக்கு அடியில் சாக்கு விரித்துப் படுத்துக் கிடந்தோம். "இயக்க வேலையை விட்டுவிட்டு கார் ரிப்பேரா?" என்று சில தோழர்கள் கேட்டார்கள். அவர்களுக்கான பதில்தான் இது.

கார் 1972-ல் பதிவான அம்பாசிடர் மார்க் 2. எங்கள் வட்டத்தின் மூத்தவர் ஒருவர் அதைப் பழைய வண்டியாக வாங்கி வாடகைக்கு ஓட்டினார். எங்கள் தெருவுக்கு வந்த முதல் கார் அது. பிரசவத்துக்கு ஓடியது, கல்யாணத்துக்கு ஓடியது. வன்கொடுமை நடந்த ஊர்களுக்கு உண்மை அறியப் போனவர்களை ஏற்றிக்கொண்டு இரவெல்லாம் ஓடியது. அவர் மறைந்த பிறகு அவருடைய மகள் அதை எங்களிடம் ஒப்படைத்தார். சாவி கைக்கு வந்தபோது 1489 சிசி இன்ஜினின் பிளாக் விரிசல் விட்டிருந்தது.

உடனே எங்களுக்குள் சண்டை வந்தது. ஒன்றிய அரசு 2021 ஜூலையில் பழம்பெரும் வாகனங்களுக்கென்று விதி கொண்டுவந்தது. முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்த வண்டிக்கு 'விஏ' என்ற எழுத்துகளோடு தனி எண் கிடைக்கும். ஆனால் சேஸி, பாடி, இன்ஜின் எதுவும் மாற்றப்படாமல் அசல் வடிவத்தில் இருக்க வேண்டும். கண்காட்சி, அணிவகுப்பு போன்றவற்றுக்குத்தான் சாலையில் இறக்கலாம். அன்றாடம் ஓட்டக் கூடாது. எங்களில் சிலர் இதைத்தான் விரும்பினார்கள். "நம்ம வீடுகளில் பரம்பரைச் சொத்து என்று காட்ட என்ன இருக்கிறது? இந்த ஒன்றாவது அசலாக இருக்கட்டும்" என்றார்கள். அந்த வாதத்தை எளிதாகத் தள்ளிவிட முடியவில்லை. கடற்கரைச் சாலையில் வரிசையாக நிற்கும் பளபளப்பான பழைய கார்களுக்கு நடுவே நம் தெருவின் காரும் நிற்க வேண்டும் என்ற ஆசையில் தவறில்லை.

முடிவைச் சொன்னவர் மகள்தான். "அப்பா இதை நிறுத்தி வச்சு அழகு பாத்ததே இல்ல. ஓடணும்" என்றார். இன்ஜினை மாற்றினால் அந்த 'விஏ' எண் எங்களுக்கு இனி ஒருபோதும் கிடைக்காது. அதைத் தெரிந்தே மாற்றினோம்.

இதே வேலையில் இறங்க நினைக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு எச்சரிக்கை. மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-ஆம் பிரிவு, வண்டியில் செய்யும் மாற்றத்துக்கு வரம்பு வைக்கிறது. நிறுவனம் வகுத்த வடிவத்துக்கு மாறாக எதையும் மாற்றக் கூடாது என்று உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் தெளிவுபடுத்தியது. இன்ஜின் எண் ஆர்சி புத்தகத்தில் ஏற வேண்டும். பெட்ரோல் வண்டியை டீசலாக்குவது தனிச் சிக்கல். எனவே அதே நிறுவனம், அதே பெட்ரோல் என்று முடிவு செய்தோம். 1992-ல் அம்பாசிடருக்கு இந்துஸ்தான் மோட்டார்ஸே பொருத்திய இசுசு 1.8 லிட்டர் இன்ஜினைத் தேர்ந்தெடுத்தோம். எழுத்தில் அனுமதி வாங்கிய பிறகே பழையதை இறக்கினோம்.

இன்ஜினும் கியர் பாக்ஸும் சென்னை புதுப்பேட்டை காயலான் கடையில் கிடைத்தன. அங்கேயே முதல் தவறு செய்தோம். விலையைக் குறைக்கும் அவசரத்தில் பிராக்கெட்டுகளையும் மவுண்டிங்குகளையும் கேட்டு வாங்காமல் வந்துவிட்டோம். பட்டறையில் இறக்கியதும் அண்ணன் முதலில் கேட்டது அதைத்தான்: "இன்ஜின் கொண்டாந்தீங்க சரி. எது மேல ஒக்கார வைக்கறது?"

அண்ணனுக்கு ஐம்பது வயது தாண்டிவிட்டது. எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். முப்பது ஆண்டுக்கு மேலாகக் காருக்கு அடியில் கிடக்கிறார். சான்றிதழ் என்று ஒரு துண்டுக் காகிதம்கூட அவரிடம் இல்லை.

இன்ஜின் மவுண்டிங் என்பது இரும்புக்கும் இரும்புக்கும் நடுவே ஒட்டிய ரப்பர். அதற்கு மூன்று வேலை. இன்ஜினின் எடையைத் தாங்க வேண்டும். அதன் நடுக்கம் பாடிக்குப் போகாமல் தடுக்க வேண்டும். ஆக்சிலேட்டரை மிதிக்கும்போது இன்ஜின் ஒரு பக்கமாகப் புரளப் பார்க்கும். அதையும் பிடித்து நிறுத்த வேண்டும். முதல் வேலைக்கும் மூன்றாவது வேலைக்கும் விறைப்பான ரப்பர் வேண்டும். இரண்டாவதற்கு இளகியது வேண்டும். இந்த இழுபறியில் சரியான இடத்தைக் கண்டுபிடிப்பதுதான் தேர்வு.

நாங்கள் படித்தவர்கள் அல்லவா? இணையத்தில் பார்த்து, கனரக வண்டிக்கான கெட்டி மவுண்டிங்குகளை வாங்கி வந்தோம். பலமாக இருந்தால் நல்லதுதானே என்ற கணக்கு. அண்ணன் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். "கல்லு மாதிரி இருந்தா வண்டி அழும் தம்பி. களிமண்ணு மாதிரி இருந்தா இன்ஜின் ஆடும்" என்றார். நாங்கள் கேட்கவில்லை. தற்காலிகமாக மாட்டி ஸ்டார்ட் செய்தோம். கண்ணாடியில் பின்னால் நிற்பவரின் முகம் இரண்டாகத் தெரிந்தது. ஸ்டீயரிங்கைப் பிடித்த கை மரத்துப்போனது. கையுறைப் பெட்டியின் மூடி தானாகத் திறந்துகொண்டது. அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை. டீ குடிக்கப் போய்விட்டார்.

அடுத்த ஞாயிறு இசுசுவுக்கே உரிய மவுண்டிங்குகளைத் தேடிப் புதிதாக வாங்கி வந்தோம். பிடிபட்ட விதி எளிமையானது: ரப்பரை இன்ஜினைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும், பிராக்கெட்டைப் பாடியைப் பார்த்துச் செய்ய வேண்டும். செயின் பிளாக்கில் இன்ஜினைத் தொங்கவிட்டு, மரக்கட்டை முட்டுக் கொடுத்து, அண்ணன் இடம் பார்த்தார். ஃபேனுக்கும் ரேடியேட்டருக்கும் இடைவெளி, ஆயில் சம்புக்குக் கீழே ஸ்டீயரிங் கம்பி ஓட இடம், கியர் பாக்ஸின் சரிவும் பின்னால் டிஃபரன்ஷியலின் சரிவும் ஒத்துப்போகிறதா என்ற சோதனை. இந்தச் சரிவு ஒத்துப்போகாவிட்டால் பிராப்பல்லர் ஷாஃப்ட் வேகத்தில் உதறும். எல்லாம் பார்த்த பிறகு அட்டையில் வெட்டி, இரும்பில் வெட்டி, முதலில் பொட்டு வெல்டிங் மட்டும் வைத்தார். புது கியர் பாக்ஸுக்குப் பின் மவுண்டிங் தாங்கியும் புதிதாகச் செய்யவேண்டி வந்தது. ஸ்டீயரிங் கழுத்தில் இருந்த கியர் கம்பி தரைக்கு வந்தது.

பிறகு இன்ஜினை மெல்ல இறக்கி, எடை முழுவதும் ரப்பரில் ஏறுவதற்கு முன்பும் பின்பும் இடைவெளியைப் பார்த்தார். "ரெண்டு ஒத்த ரூவா காச அடுக்கி வச்ச கனம் அமுங்குது. இது போதும்" என்றார். அளந்து பார்த்தோம். மூன்று மில்லிமீட்டருக்குப் பக்கம்.

எங்களோடு பாலிடெக்னிக்கில் படிக்கும் தங்கை ஒருத்தி இருக்கிறாள். அவள் அங்கேயே தரையில் சாக்பீஸால் கணக்குப் போட்டாள். நான்கு சிலிண்டர் இன்ஜினில் கிராங்க் ஒரு சுற்றுக்கு இரண்டு வெடிப்பு. ஐட்லிங்கில் நிமிடத்துக்கு 750 சுற்று என்றால் நொடிக்கு 25 வெடிப்பு, அதாவது 25 ஹெர்ட்ஸ். ரப்பரில் உட்கார்ந்த இன்ஜின், ஸ்பிரிங்கில் தொங்கும் எடையைப்போல, தனக்கென ஒரு வேகத்தில் ஆடும். வெடிப்பின் வேகம் அந்த ஆட்டத்தைவிட 1.4 மடங்குக்கு மேல் இருந்தால்தான் ரப்பர் நடுக்கத்தைக் குறைக்கும். இரண்டும் நெருங்கினால் கூட்டிவிடும். 25-ஐ 1.4-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 18. அதற்கு நன்றாகக் கீழே, 10 அளவில் இருந்தால் நல்லது. 10 ஹெர்ட்ஸ் வேண்டுமென்றால் எடையில் ரப்பர் இரண்டரை மில்லிமீட்டர் அமுங்க வேண்டும். ஓடும்போது ரப்பர் இன்னும் கொஞ்சம் விறைக்கும் என்பதால் மூன்று இருந்தால் சரியாக இருக்கும்.

அவள் நிமிர்ந்து பார்த்து, "சித்தப்பா, உங்க ரெண்டு காசு கணக்கு புக்குல இருக்கு" என்றாள். அண்ணன் சிரித்தார். "புக்கு எழுதனவன் எந்தப் பட்டறையில கத்துக்கிட்டானோ" என்றார்.

இன்னொரு பாடமும் அன்றே கிடைத்தது. ரப்பர் மின்சாரத்தைக் கடத்தாது. இன்ஜினிலிருந்து பாடிக்கு எர்த் வயர் போட மறந்துவிட்டோம். செல்ஃப் அடித்ததும் ஸ்டார்ட்டர் இழுத்த மின்சாரம் வேறு வழியில்லாமல் ஆக்சிலேட்டர் கேபிள் வழியாகப் பாய்ந்து, கேபிள் புகைந்தது. பேட்டரியைக் கழற்றியது அண்ணன்தான். மவுண்டிங் வாங்கும்போது இன்னொன்றும் பார்க்கச் சொன்னார்: ரப்பர் கிழிந்தாலும் இன்ஜின் எகிறாதபடி இரும்போடு இரும்பு கொக்கி போட்டிருக்கிறதா என்று. அமெரிக்காவில் மவுண்டிங் கிழிந்து இன்ஜின் தூக்கிக்கொண்டு ஆக்சிலேட்டர் சிக்கிய சிக்கலுக்காக ஜெனரல் மோட்டார்ஸ் 1971-ல் 67 லட்சம் செவர்லே கார்களைத் திரும்ப அழைத்தது. அந்தச் செய்தியை அண்ணன் படித்ததில்லை. ஆனால் என்ன நடக்கும் என்று அவருக்குத் தெரியும்.

சாதி வேலையை மட்டும் பிரிக்கவில்லை, வேலை செய்பவர்களையே படிநிலையாகப் பிரிக்கிறது என்று பாபாசாகேப் 1936-ல் 'சாதி ஒழிப்பு' நூலில் விளக்கினார். மேடையில் நாம் பலமுறை பேசியதுதான். பட்டறையில் அது எங்கள்மீதே திரும்பியது. அண்ணன் கட்டைவிரலால் சொன்னதை நம்பவில்லை. தரையில் சூத்திரமாக எழுதியதும் நம்பினோம். எண்ணெய்க் கையை நம்பாத பழக்கம் நம் வீடுகளிலிருந்து கல்லூரிக்குப் போனவர்களிடமும் ஒட்டிக்கொள்கிறது.

வேலை முடிந்து பில் கேட்டோம். ரப்பர், போல்ட், இரும்பு, வெல்டிங் ராடு என்று சாமான் விலை மட்டும் எழுதியிருந்தார். கூலி என்ற இடம் காலி. "நீங்க பாத்துக் குடுங்க" என்றார். கூலியைக் கேட்பதற்குக் கூச்சப்பட வைத்தது எது என்று யோசியுங்கள். எட்டு ஞாயிறு, ஒவ்வொன்றுக்கும் எத்தனை மணி நேரம் என்று கணக்கிட்டு, அவரையே தொகை சொல்ல வைத்து, அவர் கையாலேயே எழுத வைத்தோம். அவர் முதலில் சொன்ன தொகை குறைவு. தங்கைதான் ஏற்றினாள்.

பள்ளிச் சான்று இல்லாமல் தொழில் கற்றவர்களின் திறனைச் சோதித்துச் சான்றிதழ் தரும் ஏற்பாடு ஒன்றிய அரசின் கௌசல் விகாஸ் திட்டத்தில் உண்டு. முன்கற்றலுக்கான அங்கீகாரம் என்று பெயர். அண்ணனிடம் சொன்னோம். "இந்த வயசுல பரீட்சையா?" என்று தயங்குகிறார். விண்ணப்பத்தை நிரப்பி வைத்திருக்கிறோம். கையெழுத்து அவர் விருப்பம். உங்கள் தெருவிலும் இப்படி ஒருவர் இருப்பார். போய்க் கேளுங்கள்.

உத்தரப்பாராவில் அம்பாசிடர் ஆலை 2014 மே மாதம் நின்றது. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் தெருவில் நின்றார்கள். அம்பாசிடர் என்ற பெயர் மட்டும் 2017-ல் 80 கோடி ரூபாய்க்கு பிரெஞ்சு நிறுவனமான பியூஜோவிடம் போனது. பெயருக்கு விலை இருக்கிறது. அதை உருவாக்கிய கைகளுக்கு என்ன விலை கிடைத்தது என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

எங்கள் கார் ஓடுகிறது. கண்ணாடியில் பின்னால் வருபவரின் முகம் ஒன்றாகவே தெரிகிறது. விரிசல் விட்ட பழைய இன்ஜின் படிப்பு வட்டத்தின் மூலையில் இருக்கிறது. அடுத்த ஞாயிறு அதைப் பிரித்துப் போட்டு அண்ணன் வகுப்பெடுக்கிறார். அன்றைய கூலி முன்கூட்டியே பேசி எழுதப்பட்டுவிட்டது. பழைய சட்டை போட்டுக்கொண்டு வாருங்கள்.

ஜெய்பீம்.