கேஸா, கரண்டா?

மத்தியான வெயில்.
2024ல தொறந்த உக்கடம் மேம்பாலத்துக்குக் கீழ கார்ல உக்காந்திருக்கேன். ஏசில அனல் காத்து.

போன்ல கேட்டா எல்லாரும் சொல்றது ஒரே வைத்தியம்: "கேஸ் தீந்திருக்குமுங்க, நெரப்பிருங்க."

பழைய ஸ்பேர் கடைங்க பக்கத்துல ஒரு எலக்ட்ரீசியன் அண்ணன். கேஸ் பேச்சையே எடுக்கல.
ஏசியப் போடச் சொல்லி கம்ப்ரஸர் பக்கம் காதக் குடுத்தாரு. கிளட்ச் ஒட்டற 'டக்' சத்தம் இல்ல.
ஃபியூஸ் நல்லாத்தான் இருக்கு.
ஹாரன் ரிலேயக் கழட்டி ஏசி ரிலே எடத்துல சொருகினாரு (ரெண்டும் ஒரே ரகம்). ம்ஹூம்.

டெஸ்ட் லைட் கிளிப்ப பேட்டரி மைனஸ்ல மாட்டி, முனைய கிளட்ச் பிளக்குல வெச்சாரு. பளிச்!

"கரண்டு வருதுங்க. திரும்பிப் போகத்தான் வழியில்ல. கேஸ் கொறஞ்சிருந்தா பிரஷர் சுவிட்சே கரண்ட வெட்டியிருக்குமே."

எர்த் ஒயர் நட்டு பச்சையாப் பூத்துக் கெடந்துச்சு. உப்புத்தாள்ல தேச்சு முறுக்கினாரு.
டக்!

நான் படிச்சது இ.இ.இ.ங்க. அத்தன நேரமும் என் கையில இருந்த கருவி, கல்யாணப் பத்திரிகை. விசிறிக்கிட்டிருந்தேன்.

கேஸ் சிலிண்டருக்கு முன்னாடி டெஸ்ட் லைட்ட எடுக்கற ஆளு உங்க ஊர்ல யாராச்சும் இருக்காங்களா?