ஏழாண்டுத் தானியமும் ஏழாம் தேதிச் சம்பளமும்



கொல்கத்தா நெடுஞ்சாலையில் ஆந்திர எல்லைக்குச் சற்று முன்னே அமைந்தது எங்கள் எளாவூர். தெற்கே கும்மிடிப்பூண்டி சிப்காட். எல்லையைத் தாண்டினால் ஸ்ரீசிட்டி. இங்குள்ள இளைஞர்கள் பலரும் இவ்விரண்டில் ஒன்றில், பெரும்பாலும் ஒப்பந்தத் தொழிலாளராக, ஷிஃப்ட் வேலை பார்க்கிறார்கள். ஏழாம் தேதி வரும் சம்பளம் இருபதாம் தேதி வரை நிற்பதே அரிது. சேமிப்பைப் பற்றிப் பேச்செடுத்தால், "அல்லாஹ் பார்த்துக்கொள்வான்" என்பதே விடை.

அச்சொல்லில் பிழை இல்லை. ஆனால் அதே இறைவன் தன் தூதர் யூசுஃப் (அலை) அவர்கள் வாயிலாக எகிப்துக்கு ஒரு திட்டத்தையே அருளினான். செழிப்பான ஏழாண்டுகள் பயிரிட வேண்டும். உண்ணும் சிறிதளவு போக எஞ்சியதைக் கதிரோடு விட்டுவைக்க வேண்டும். பின்வரும் ஏழாண்டுப் பஞ்சத்திலும் எல்லாவற்றையும் தின்று தீர்க்காமல் சிறிது காத்துக்கொள்ள வேண்டும். நபி (ஸல்) அவர்கள் தம் குடும்பத்துக்கு ஓராண்டு உணவை ஒதுக்கிவைத்ததையும் ஹதீஸ் நூல்கள் பதிவு செய்திருக்கின்றன. தவக்குல் என்பதை அவர்களைவிட நன்கறிந்தவர் யார்?

திட்டமின்மை நம்மை எங்கே கொண்டுபோய் நிறுத்துகிறது என்பதை நம் தெருக்களிலேயே காணலாம். பள்ளிக் கட்டணம் கட்டும் ஜூன் மாதம் திடீரென்று வருவதில்லை; ஆண்டுதோறும் வருகிறது. ஆயினும் மே இறுதியில் நகை அடகுக் கடைக்குப் போகிறது. அல்லது குழுக் கடன் வாங்கி, வாரந்தோறும் வாசலுக்கு வரும் வசூல்காரருக்கு வட்டியோடு கட்டுகிறோம். வட்டி ஹராம் என்று ஜும்ஆவில் கேட்டுவிட்டு வருகிறவர்களே இதற்கு ஆளாகிறோம். மாதம் ஐந்நூறு ரூபாயைத் தனியே வைத்திருந்தால் ஜூனில் ஆறாயிரம் கையில் இருந்திருக்கும். கட்டணம் முழுவதற்கும் அது போதாது என்பது உண்மையே; ஆனால் கடனின் அளவு குறையும்.

சிறுகச் சேர்ப்பதற்கு மலேசியா ஒரு நல்ல சான்று. அங்குள்ள கிராமத்து முஸ்லிம்கள் நிலத்தையும் கால்நடைகளையும் விற்று ஹஜ்ஜுக்குச் சென்றார்கள். திரும்பி வந்தபோது பிழைக்க வழியின்றித் தவித்தார்கள். பொருளியல் அறிஞர் உங்கு அஜீஸ் 1959இல் இதற்கு ஒரு திட்டம் எழுதினார்: வட்டி கலவாத முறையில் முதலீடு செய்யும் ஒரு நிறுவனத்தில் மக்கள் சிறுகச் சிறுகச் சேமிக்கட்டும் என்று. 1963இல் அது செயலுக்கு வந்தது. அன்று சேர்ந்தவர்கள் ஆயிரத்துச் சொச்சம் பேர். இன்று 'தாபுங் ஹாஜி' என்னும் அந்நிறுவனத்தில் கணக்கு வைத்திருப்போர் பல இலட்சம். (ஹஜ்ஜுக்கான காத்திருப்பு வரிசை அங்கே பல பத்தாண்டுகளுக்கு நீண்டுவிட்டது, அது வேறு கதை.) நம் நாட்டில் ஹஜ் மானியம் 2018இல் முற்றாக நின்றுபோனது. ஹஜ் கமிட்டி வழியாகச் சென்றாலும் ஒருவருக்கு மூன்று இலட்சம் ரூபாய்க்கு மேல் ஆகிறது. 'வயதான பிறகு பார்க்கலாம்' என்பவர், வயதான பிறகு எந்தப் பணத்தைக் கொண்டு போவார்?

பணத்தைவிட நாம் அதிகம் அலட்சியம் செய்வது காகிதங்களை. எங்கள் பகுதியில் பணியிலிருந்தபோதே ஒரு சகோதரர் மௌத்தானார். இத்தா காலத்தில் அவர் மனைவி அலமாரியையும் பழைய பைகளையும் துழாவியது வைப்பு நிதி எண்ணுக்காக. அவருக்கு அப்படி ஓர் எண் இருந்ததே வீட்டில் யாருக்கும் தெரியாது. பணியில் இருக்கும்போது இறப்பவரின் குடும்பத்துக்கு வைப்பு நிதியோடு இணைந்த காப்பீடாக ஏழு இலட்சம் ரூபாய் வரை கிடைக்கும் என்பதும் தெரியாது.

நாமினி விஷயத்திலும் குழப்பம் மிகுதி. நாமினி என்பவர் தொகையைக் கையில் வாங்குபவர். அதனாலேயே உரிமையாளர் ஆகிவிடமாட்டார். திருமணத்துக்கு முன் தாயை நாமினியாக எழுதிப் பின்னர் மாற்றாமலே இறந்த வங்கி ஊழியர் ஒருவரின் வழக்கில், 2009இல் உச்ச நீதிமன்றம் இதைத்தான் சொன்னது. நம் ஷரீஅத்தில் பங்குகள் முன்பே வகுக்கப்பட்டுவிட்டன: பிள்ளைகளை விட்டு இறந்தவரின் மனைவிக்கு எட்டில் ஒன்று, தாய்க்கு ஆறில் ஒன்று. வாரிசு அல்லாதவருக்கு வஸிய்யத் எழுதலாம். ஆனால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடாது. கடனை அடைத்த பிறகே பங்கு. அந்தக் கடன் யாரிடம், எவ்வளவு என்பது இறந்தவருக்கு மட்டுமே தெரிந்திருந்தால் வாரிசுகள் என்ன செய்வார்கள்?

இந்த வாரமே ஒரு நோட்டை எடுத்து வைப்பு நிதி எண், வங்கிக் கணக்கு, வாங்கிய கடன், கொடுத்த கடன், கொடுக்க வேண்டிய மஹர் பாக்கி எல்லாவற்றையும் எழுதுங்கள். எழுதியதை மனைவியிடமும் வளர்ந்த பிள்ளையிடமும் காட்டுங்கள்.