பூட்டும் கைக்கு முதல் மதிப்பெண்

பெருநாள் விடுமுறை நெருங்கினால், ஒரகடத்திலும் ஸ்ரீபெரும்புதூரிலும் குடியிருக்கும் நம் குடும்பங்களில் ஒரே பேச்சுத்தான்: இம்முறை எங்கே செல்வது? ஊருக்குச் சென்றவர்கள் போக, ஷிஃப்ட் காரணமாக இங்கேயே தங்கிவிட்டவர்களுக்குக் கடற்கரை, வண்டலூர் ஆகியவற்றை அடுத்துக் கேளிக்கைப் பூங்காதான் நினைவுக்கு வருகிறது. பெங்களூரு நெடுஞ்சாலையில், செம்பரம்பாக்கத்தை அடுத்த பழஞ்சூரில் குயின்ஸ்லேண்ட் நமக்குக் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. 2025 டிசம்பரில் திருப்போரூர் அருகே இள்ளலூரில் வொண்டர்லாவும் திறக்கப்பட்டது. 64 ஏக்கர், 43 சவாரிகள், 611 கோடி ரூபாய் முதலீடு என்று செய்தித்தாள்களில் வந்த நாள் முதல், பிள்ளைகள் உள்ள வீடுகளில் அதே பேச்சாகிவிட்டது.

எங்கள் பள்ளிவாசலில் தொழுகை முடிந்து நிற்கும்போது சகோதரர்கள் சிலர் என்னிடம் கேட்பதுண்டு. எந்த ரோலர் கோஸ்டர் நன்றாக இருக்கிறது? பிள்ளைகளை நம்பி ஏற்றலாமா? வீட்டுப் பெண்கள் ஏறுவதற்கு ஏற்றதா? வாகன உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் தர ஆய்வுப் பிரிவில் பணியாற்றுகிறவன் என்பதால், இயந்திரம் குறித்த கேள்விகள் என்னிடம் வந்துவிடுகின்றன. கடந்த சில ஆண்டுகளில் குடும்பத்தோடு ஏறிப் பார்த்தவற்றைக் கொண்டு, என்னால் இயன்ற விடையை இங்கே எழுதுகிறேன்.

முதலில் அந்த வண்டி எவ்வாறு ஓடுகிறது என்பதை அறிந்துகொள்வது நல்லது. அறிந்தால் பாதி அச்சம் நீங்கும். மீதிப் பாதி, இருக்க வேண்டிய இடத்தில் இருக்கும்.

ரோலர் கோஸ்டரின் வேர் ரஷ்யாவில் இருக்கிறது. குளிர்காலத்தில் மரச்சட்டங்களின்மீது பனிக்கட்டியைப் படியச் செய்து, உயரத்திலிருந்து சறுக்கி விளையாடிய வழக்கம் அங்கே இருந்தது. அமெரிக்காவில் 1884-ஆம் ஆண்டு நியூயார்க்கின் கோனி ஐலண்டில் லமார்கஸ் தாம்ப்ஸன் என்பவர் ஐந்து சென்ட் கட்டணத்தில் ஒரு சறுக்கு ரயிலை ஓட்டினார். அதன் வேகம் மணிக்குப் பத்துக் கிலோமீட்டர் அளவுதான். நம் தெருவில் சைக்கிள் அதைவிட விரைந்து செல்லும்.

பெரும்பாலான கோஸ்டர்களில், ஓடும் வண்டியில் எஞ்சின் கிடையாது. சங்கிலி ஒன்று வண்டியை உச்சிக்கு இழுத்துச் சென்று விட்டுவிடுகிறது. அதன்பின் அதை ஓட்டுவது புவியீர்ப்பு மட்டுமே. இருபது மீட்டர் உயரத்திலிருந்து இறங்கும் வண்டி, உராய்வைக் கணக்கில் கொள்ளாவிட்டால், அடியில் மணிக்கு ஏறத்தாழ 71 கிலோமீட்டர் வேகத்தை அடையும். ஒல்லியானவர் அமர்ந்தாலும் பருத்தவர் அமர்ந்தாலும் இந்தக் கணக்கு மாறாது.

மேலே ஏறும்போது "டக்... டக்..." என்று ஓர் ஒலி கேட்கும். பிள்ளைகள் கண்களை மூடிக்கொள்வது அந்த ஒலிக்குத்தான். உண்மையில் அது நம்மைக் காக்கும் ஏற்பாட்டின் ஒலி. வண்டியின் அடியில் உள்ள இரும்புக் கொக்கி, தடத்தின் நடுவிலுள்ள பற்களில் ஒவ்வொன்றாக விழுந்து ஏறுகிறது. சங்கிலி அறுந்தாலும் வண்டி பின்னோக்கி உருளாமல் அந்தப் பல் பிடித்துக்கொள்ளும். ஜான் மில்லர் என்ற அமெரிக்கப் பொறியாளர் இத்தகைய பாதுகாப்பு ஏற்பாடுகளை உருவாக்கியவர்களுள் முக்கியமானவர். 1919-இல் அவர் காப்புரிமை பெற்ற மற்றொன்று, தண்டவாளத்தின் அடிப்புறத்தைப் பற்றியோடும் சக்கரம். வண்டி மேலெழ முயன்றாலும் தடத்தை விட்டு விலகாமலிருப்பது அதனால்தான்.

நிறுத்தத்திலும் ஒரு நுட்பம் உண்டு. பல கோஸ்டர்களில் பிரேக்கின் இயல்பு நிலையே பிடித்திருப்பதுதான். காற்றழுத்தம் கொடுத்தால் விடுபடும். காற்றோ மின்சாரமோ நின்றால் தானே பிடித்துக்கொள்ளும். ஒரகடத்தில் லாரி தயாரிக்கும் சகோதரர்களுக்கு இது புதிதன்று. லாரியின் ஸ்பிரிங் பிரேக்கும் இதே தத்துவம்தான். மனிதன் தவறக்கூடும், பொருள் பழுதாகக்கூடும் என்பதை முன்னரே ஒப்புக்கொண்டு கட்டப்பட்ட இயந்திரம் அது. ஒட்டகத்தைக் கட்டிவிட்டு இறைவன்மீது பொறுப்புச் சாட்டும்படி நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியதாகத் திர்மிதியில் வரும் செய்தியை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். கட்டுவதும் தவக்குலின் ஒரு பகுதி என்பதை நான் கோஸ்டரின் பிரேக்கைப் பார்க்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன்.

இனி மதிப்பெண்களுக்கு வருவோம். பூங்காதோறும் பெயர் மாறும். வகை பெரும்பாலும் மாறாது. ஆகவே வகை வகையாகச் சொல்கிறேன். பத்துக்கு எவ்வளவு என்பதை நான்கு செய்திகளைப் பார்த்து முடிவு செய்தேன்: இருக்கையைப் பூட்டிச் சரிபார்க்கும் முறை, குடும்பத்தோடு ஏறும் வசதி, காத்திருந்த நேரத்திற்கு ஏற்ற மகிழ்ச்சி, இறங்கியபின் உடல்நிலை. இவற்றுள் முதலாவதற்கு மட்டும் பத்தில் நான்கு மதிப்பெண்.

முதல் வகை, சிறுவர் கோஸ்டர். டிராகன் தலையோ புழுவின் முகமோ வைத்து, தாழ்ந்த தடத்தில் இரண்டு மூன்று சுற்று வரும். பெரும்பாலும் மோட்டாரே இதை ஓட்டுகிறது. பெரியவர்களுக்கு இதில் ஒன்றுமில்லை. ஆனால் ஐந்து வயதுப் பிள்ளை தன் பாட்டியின் கையைப் பிடித்துக்கொண்டு ஏறக்கூடிய ஒரே கோஸ்டர் இதுவே. ஒரே திசையில் சுற்றும் வண்டியில் குழந்தையை வளைவின் உட்புறம் அமர்த்துங்கள். சுற்றும்போது பெரியவரின் எடை குழந்தையை நெருக்காது. என் மதிப்பெண் ஆறு.

இரண்டாம் வகை, சங்கிலியில் ஏறிப் புவியீர்ப்பில் இறங்கும் நடுத்தரக் கோஸ்டர். முதல் இறக்கத்தில் வயிறு மேலெழும்புவது போன்ற உணர்வு வரும். இருக்கை நம்மைவிடச் சற்று விரைவாகக் கீழிறங்குவதால் உண்டாவது அது. இறங்கிய பிள்ளைகள் மீண்டும் வரிசைக்கு ஓடுவது இதில்தான். பழைய தடங்களில் வளைவுகளில் கழுத்து குலுங்கும். முதுகுவலி உள்ளவர்கள் தவிர்க்கலாம். மதிப்பெண் ஏழரை.

மூன்றாம் வகை, தொங்கு கோஸ்டர். தடம் தலைக்குமேல் செல்லும்; நாம் அதன் கீழே கால்கள் அந்தரத்தில் ஆட அமர்ந்திருப்போம். இவ்வகையை உலகுக்கு அளித்தது பொலிகர் அண்ட் மாபியார் என்ற சுவிட்சர்லாந்து நிறுவனம். 1992-இல் சிகாகோ அருகே முதலாவது ஓடியது. அதே நிறுவனம் அமைத்த 'தஞ்சோரா' இள்ளலூரில் இருக்கிறது. கண்ணெதிரே தடம் தெரியாததால், அடுத்து எந்தப் பக்கம் திரும்புவோம் என்பது தெரிவதில்லை. எனினும் ஓட்டம் வழுவழுப்பாக இருந்ததால் உடலுக்கு நோவில்லை. மதிப்பெண் ஒன்பது. மீதி ஒன்றை வெயிலில் நின்ற வரிசைக்காகக் கழித்துக்கொண்டேன்.

அபுதாபியில் இருக்கும் உறவினர்கள், ஃபெராரி வேர்ல்டில் 2010 முதல் ஓடும் ஃபார்முலா ரோஸாவைப் பற்றிச் சொல்வார்கள்: மணிக்கு 240 கிலோமீட்டர் வேகம், கண்ணாடி அணிந்துதான் ஏற வேண்டும். நான் ஏறியதில்லை, ஆகவே மதிப்பெண் இல்லை.

பூட்டும் முறைக்கு ஏன் நான்கு மதிப்பெண் என்று கேட்கலாம். அதற்கு என் மனைவியின் தம்பியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

மச்சான் இந்தத் தொழில்வட்டத்தில் ஒரு பிரஸ் ஷாப்பில் வேலை பார்த்தவர். கை உள்ளே இருக்கும்போது பிரஸ் இறங்காமல் தடுக்கும் சென்சார் அந்த இயந்திரத்தில் இருந்தது. உற்பத்தி எண்ணிக்கை குறைகிறது என்று அதன்மேல் டேப் ஒட்டப்பட்டிருந்தது. நான்கு ஆண்டுகளுக்கு முன் ஓர் இரவு ஷிஃப்டில் அவருடைய வலக்கையின் இரண்டு விரல்கள் போயின. இ.எஸ்.ஐ. வழியே மாதந்தோறும் ஒரு தொகை வருகிறது. அதன்பின் இரைச்சலுள்ள எந்த இடத்துக்கும் அவர் வந்ததில்லை. இந்தப் பெருநாளுக்கு என் பிள்ளைகள் "மாமா வந்தால்தான் நாங்களும் போவோம்" என்று பிடிவாதம் பிடித்ததால் இள்ளலூருக்கு உடன் வந்தார்.

கோஸ்டர் ஒன்றின் வாயிலில் என் மகளை அளவுகோலருகே நிறுத்தினார்கள். இரண்டு விரற்கடை குறைந்தது. அங்கே நின்ற பணியாளர் ஒடிசாவைச் சேர்ந்த இளைஞர். இருபது, இருபத்திரண்டு வயதிருக்கும். "பாப்பா அடுத்த வருஷம் வா" என்று தெரிந்த தமிழில் சிரித்தபடி சொன்னார். மகளின் கண்கள் நிறைந்துவிட்டன. என் அம்மாவுக்குப் பொறுக்கவில்லை.

"ஒரு தடவைதானே தம்பி, ரொம்ப தூரத்திலேருந்து வந்திருக்கோம். நான் கெட்டியாப் பிடிச்சுக்கறேன்."

"இல்லை அம்மா, முடியாது."

பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். ஒருவர், இவ்வளவு பணம் வாங்கிக்கொண்டு இது என்ன கெடுபிடி என்று உரக்கவே கேட்டார். அந்த இளைஞரின் முகம் வாடியது. ஆனால் கை வாயிலை விட்டு அகலவில்லை. "நீங்கள் செய்வதுதான் சரி, தம்பி" என்று சொல்லி மகளை அழைத்து மச்சானிடம் விட்டேன். அவர் அவளோடு வேலிக்கு வெளியே நின்றுகொண்டார். வரிசை நகர நகர, நானும் மகனும் ஏறி இறங்கி வர அரைமணி நேரமாயிற்று.

திரும்பி வந்தபோது மகள் பஞ்சுமிட்டாயோடு அமைதியாக இருந்தாள். மச்சான் இன்னும் அந்த இளைஞரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மச்சான், ஆறு தடவை வண்டி போச்சு. ஆறு தடவையும் ஒரு சீட்டு விடாம இழுத்துப் பார்த்தான். ஆள் இல்லாத சீட்டையும் இழுத்துப் பார்த்தான்."

சற்று நேரம் கழித்து, "எங்க லைன்ல அந்த டேப்பை ஒட்டினப்ப, முடியாதுன்னு சொல்ல இப்படி ஒருத்தன் இருந்திருந்தாப் போதும்" என்றார்.

நான்கு ஆண்டுகளில் அந்த இரவைப் பற்றி அவர் தாமாகப் பேசியது அதுவே முதல்முறை. எனக்கு மறுமொழி எதுவும் தோன்றவில்லை. தோளில் கை வைத்தேன். லுஹருடைய நேரம் ஆகியிருந்தது. ஒளு செய்யச் சென்றோம்.

அன்று முதல் எனக்கு ஒன்று தெளிவாகிவிட்டது. கோஸ்டரின் உயரமும் வேகமும் விளம்பரப் பலகையிலேயே எழுதியிருக்கும். நம் பிள்ளையின் உயிர் யாருடைய கையில் அமானத்தாக இருக்கிறது என்பதை நாமேதான் நின்று பார்க்க வேண்டும். ஏறுவதற்கு முன் ஒரு சுற்று வேடிக்கை பாருங்கள். ஒவ்வோர் இருக்கையையும் இழுத்துப் பார்க்கிறார்களா, அளவு குறைந்த பிள்ளையைத் திருப்பி அனுப்புகிறார்களா என்று கவனியுங்கள். கெஞ்சினால் இளகுகிற வாயிலில் நம் பிள்ளையை ஏற்றக் கூடாது. உறுதியாக மறுக்கும் பணியாளரிடம் வாதாடவும் கூடாது. அவர் மறுப்பது நமக்காக.

சென்றுவர விரும்பும் குடும்பங்களுக்கு வேறு சில செய்திகள்:

தலைத்துணிக்குக் குண்டூசி வேண்டாம். உள்தொப்பி அணிந்து, முனைகளை ஆடைக்குள் செருகிக்கொள்வது பாதுகாப்பு. நீண்ட அபாயாவைவிட முழங்காலுக்குக் கீழிறங்கும் தளர்ந்த மேலாடையும் கால்சட்டையும் ஏறி இறங்க எளிது. கோ-கார்ட் வண்டியில் மட்டும் கூடுதல் கவனம் வேண்டும்; தொங்கும் துணியோ அவிழ்ந்த கூந்தலோ சக்கரத்தில் சிக்கினால் விபரீதமாகிவிடும். கர்ப்பிணிகள், இதய நோயாளிகள், உயர் இரத்த அழுத்தம் உள்ளவர்கள் எந்தப் பெரிய கோஸ்டரிலும் ஏற வேண்டாம். தொலைபேசி, சாவி, தஸ்பீஹ் மணி அனைத்தையும் கீழேயே விட்டுச் செல்லுங்கள்.

ஒரகடத்திலிருந்து சிங்கப்பெருமாள்கோவில், செங்கல்பட்டு வழியாகத் திருப்போரூர்ப் பக்கம் செல்லும் இந்தப் பயணம் கஸ்ரு செய்யும் தொலைவன்று. லுஹர், அஸர் நேரங்களைக் கணக்கிட்டுச் சவாரிகளைத் திட்டமிடுங்கள். சிறிய தொழுகை விரிப்பு ஒன்று பையில் இருந்தால் நிழலான ஓரம் போதும்.

வண்டி நகரும்போது பிள்ளைகளைப் பயணத் துஆ ஓதச் சொல்லுங்கள். நம் வலிமையால் மட்டும் அடக்கியிருக்க முடியாத ஒன்று நமக்கு வசப்பட்டிருக்கிறது என்பதை நினைவூட்டும் துஆ அது. உச்சியில் "டக் டக்" என்று ஏறும் அந்த நேரத்தைவிட அதற்குப் பொருத்தமான நேரம் கிடைப்பது அரிது.

விடுமுறை முடிந்து நம்மில் பலர் மீண்டும் ஏதேனும் ஓர் இயந்திரத்தின் முன் நிற்போம். சிலர் பூட்டுகிறவர்கள், சிலர் சரிபார்க்கிறவர்கள், சிலர் கையொப்பமிடுகிறவர்கள். நாம் சரிபார்த்த போல்ட்டை நம்பி, நாம் என்றும் காணப்போகாத ஒரு குடும்பம் ஏதோ ஒரு சாலையில் பயணம் செய்யும். எண்ணிக்கை குறைகிறது என்று யாரேனும் டேப்பை நீட்டும்போது, அந்த ஒடிசா இளைஞரைப் போல "முடியாது" என்று சொல்லும் உறுதியை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக.