இரண்டு மணி நேரம் சொன்ன கதைக்கு யார் சாட்சி?

கோடம்பாக்கத்தில் கதையைப் படிக்கக் கொடுப்பதைவிட, சொல்லிக் காட்டுவதுதான் அதிகம். தயாரிப்பாளர் எதிரே உட்கார்ந்து, ஓப்பனிங் ஷாட்டில் ஆரம்பித்து, இன்டர்வெல் பிளாக்கில் குரலை ஏற்றி, க்ளைமாக்ஸில் தானே கண்கலங்கி முடிக்க இரண்டு மணி நேரமாகும். நடுவில் ஒரு காபி, நாலைந்து போன் கால். கடைசியில், "நல்லா இருக்கு தம்பி, சொல்லி அனுப்புறோம்" என்பார்கள்.

படியிறங்கி வரும் உதவி இயக்குநரின் கையில் அதே ஃபைல் இருக்கும். ஆனால், கதை இப்போது மேலே இருக்கும் மூன்று பேருக்கும் தெரியும். அவர் அங்கே போனதற்கோ, இதைத்தான் சொன்னார் என்பதற்கோ ஒரு துண்டுச் சீட்டுகூடக் கிடையாது.

சாலிகிராமத்திலும் வடபழனியிலும் ஓர் அறையை நாலு பேராகப் பகிர்ந்துகொண்டு இப்படிக் கதை சொல்லிக் கொண்டிருப்பவர்கள் ஏராளம். ஊரிலிருந்து அம்மா போன் செய்தால், "படம் எப்போப்பா ஆரம்பிக்குது?" என்பதுதான் முதல் கேள்வி. ஏழெட்டு வருடத்தில் அவர்கள் சம்பாதித்த சொத்து அந்த ஒரே கதைதான். அதுவும் போய்விடுமோ என்று பயந்து, யாரிடமும் முழுதாகச் சொல்லாமலே வயதாகிப்போனவர்களும் உண்டு. திருடு போன கதைகளைப் பற்றி ஊரே பேசுகிறது. பயத்தில் பெட்டிக்குள்ளேயே கிடந்த கதைகளைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

2018 தீபாவளிக்கு முன் 'சர்கார்' படத்தை ஒட்டி நடந்தது பலருக்கு நினைவிருக்கும். உதவி இயக்குநர் வருண் ராஜேந்திரன், தன் 'செங்கோல்' கதையோடு அது ஒத்துப்போகிறது என்று புகார் செய்தார். அந்தக் கதையை 2007-லேயே தென்னிந்தியத் திரைப்பட எழுத்தாளர்கள் சங்கத்தில் பதிவு செய்திருந்தார். ஒருவரின் ஓட்டை வேறொருவர் போட்டுவிடும் கரு மட்டும்தான் ஒன்று, மற்றதெல்லாம் தன்னுடையது என்பது இயக்குநர் ஏ.ஆர்.முருகதாஸின் விளக்கம். அப்போது சங்கத் தலைவராக இருந்தவர் கே.பாக்யராஜ். இரண்டு கதைக்கும் ஒற்றுமை இருக்கிறது என்றது சங்கம். கடைசியில் சென்னை உயர் நீதிமன்றத்தில் சமரசமாகி, டைட்டிலில் வருணுக்கு அங்கீகாரம் தர ஒப்புக்கொண்டார்கள். யார் பக்கம் நியாயம் என்ற விவாதம் ஒருபுறம் இருக்கட்டும். 11 வருடப் பழைய அந்தப் பதிவு இல்லாமல் போயிருந்தால் அவர் பேச்சை யார் காதில் வாங்கியிருப்பார்கள்?

ஆனால், பதிவு செய்துவிட்டாலே எல்லாம் பத்திரம் என்று நினைக்க வேண்டாம். சட்டம் காப்பாற்றுவது கருவை அல்ல, அதை எழுதியிருக்கும் விதத்தை. இதற்கு எல்லோரும் காட்டும் தீர்ப்பு 1978-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆர்.ஜி.ஆனந்த் என்பவர் 'ஹம் ஹிந்துஸ்தானி' என்றொரு நாடகம் எழுதினார். ஒரு பஞ்சாபிக் குடும்பம், ஒரு மதராஸிக் குடும்பம், நடுவில் காதல். படம் எடுக்கலாம் என்ற பேச்சில் அதை இயக்குநர் மோகன் சேகலிடம் சொல்லவும் செய்தார். பிறகு 1956-ல் வைஜெயந்திமாலா தமிழ்ப் பெண்ணாக நடித்த 'நியூ டெல்லி' வந்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயும் ஆனந்த் தோற்றார். மாநில வெறி என்ற கரு ஒன்றாக இருந்தாலும், படத்தில் வாடகை வீடு மறுப்பு, வரதட்சணை என்று வேறு பல இருக்கின்றன, எனவே நகல் அல்ல என்றது நீதிமன்றம்.

அதனால் ஒன்லைனை மட்டும் பதிவு செய்து வைப்பதில் பெரிய பலன் இல்லை. சீன் சீனாக, வசனத்தோடு எழுதிய முழு ஸ்கிரிப்ட்தான் பலம். சங்கத்தில் உறுப்பினராகிப் பதியலாம். மும்பை ஸ்கிரீன்ரைட்டர்ஸ் அசோசியேஷனில் உறுப்பினரானால் ஆன்லைனிலேயே முடித்துவிடலாம். மத்திய அரசின் காப்புரிமை அலுவலகத்திலும் ஆன்லைனில் விண்ணப்பிக்கலாம்; இலக்கியப் படைப்பு என்ற வகையில் கட்டணம் 500 ரூபாய், யாராவது ஆட்சேபிக்கிறார்களா என்று 30 நாள் பார்ப்பார்கள். எழுதிய கணத்திலேயே உரிமை பிறந்துவிடுகிறது, பதிவு கட்டாயமில்லை என்பதுதான் சட்டம். ஆனால், கோர்ட்டில் முதல் சாட்சி அந்தச் சான்றிதழ்தான். கதையைப் பெரிதாக மாற்றினால் புது வடிவத்தையும் பதிந்துவிட வேண்டும்.

தனக்குத்தானே ரிஜிஸ்டர்டு தபால் அனுப்பி, கவரைப் பிரிக்காமல் பீரோவில் வைக்கும் பழக்கம் இன்னும் இருக்கிறது. 500 ரூபாயில் ஒழுங்கான வழி இருக்கும்போது அந்தக் கவரை நம்பி இருப்பானேன்!

கதை சொன்ன அன்றைக்கே செய்ய வேண்டிய ஒரு வேலை உண்டு, செலவே இல்லாதது. வீட்டுக்கு வந்ததும் ஒரு மெயில். "சார், இன்று உங்கள் அலுவலகத்தில் இன்ன தலைப்பில் கதை சொல்ல நேரம் ஒதுக்கியதற்கு நன்றி. கதைச் சுருக்கத்தை இணைத்திருக்கிறேன். இதை நமக்குள் மட்டும் வைத்துக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்" என்று நாலு வரி. மரியாதையாகவும் இருக்கும், தேதியோடு ஆதாரமாகவும் இருக்கும். கடைசி வரி சும்மா இல்லை. 'கிரிஷ் கன்னையா' என்ற தொடருக்கான யோசனையை ஜீ நிறுவனத்திடம் சொன்ன சன்டியல் கம்யூனிகேஷன்ஸ், பின்னால் அதேபோன்ற தொடர் வருகிறது என்று வழக்குப் போட்டது. நம்பிக்கையின் பேரில் சொன்னதை மீறக் கூடாது என்ற வாதத்தையும் ஏற்று, 2003-ல் பம்பாய் உயர் நீதிமன்றம் தடையை உறுதி செய்தது. கரு தெளிவாக வளர்த்தெடுக்கப்பட்டு, ரகசியமாகச் சொல்லப்பட்டிருந்தால் இந்த வழி திறந்திருக்கிறது.

ரகசிய ஒப்பந்தத்தில் கையெழுத்து கேட்கலாமே என்றால், கேட்கலாம். புதியவர் கேட்டு பெரிய கம்பெனி போட்டுவிடும் என்று நம்ப முடியாது. சில இடங்களில் நேர்மாறாக, "இதேபோல் எங்களிடம் வேறு கதை இருக்கலாம், வழக்குப் போட மாட்டேன்" என்று எழுதிய தாளை நம்மிடம் நீட்டுவார்கள். படிக்காமல் கையெழுத்துப் போடுவதற்கு அது கூரியர் ரசீது அல்ல.

கதை ஓகே ஆன பிறகுதான் நிறைய பேர் அசந்துவிடுகிறார்கள். அட்வான்ஸ் செக்கைப் பார்த்த சந்தோஷத்தில் பத்திரத்தைப் புரட்டுவதில்லை. ரீமேக், டப்பிங், வெப் சீரிஸ் உரிமைகள் யாருக்கு, டைட்டிலில் பெயர் எப்படி வரும் என்பதெல்லாம் அதில்தான் இருக்கிறது. உரிமை எழுத்து மூலமாகத்தான் கைமாற முடியும். எத்தனை வருடம் என்று எழுதாவிட்டால் ஐந்து வருடம்தான். ஒரு வருடத்துக்குள் அந்த உரிமையைப் பயன்படுத்தாவிட்டால் அது காலாவதியாகும் என்றும் சட்டம் சொல்கிறது. ஆனால், 'ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தால் தவிர' என்ற வாலும் அதற்கு உண்டு. அந்த வாலைப் பத்திரத்தின் பொடி எழுத்தில் எங்கோ சேர்த்திருப்பார்கள். கையெழுத்துக்கு முன் ஒரு வக்கீலிடம் அந்தப் பக்கத்தைக் காட்ட ஒரு நாள் அவகாசம் கேட்டால், உண்மையிலேயே படம் எடுக்க நினைக்கும் தயாரிப்பாளர் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்.