வால்வுக்கும் ஒரு முட்டு வேண்டும்

பண்ருட்டிப் பக்கம் செம்மண், சிதம்பரம் பக்கம் களிமண். இரண்டிலும் பல ஆண்டுகளாகச் சொட்டுநீர் வயல்களைப் பார்த்து வருகிறேன். ‘பைப் அடிக்கடி உடையுது சார், தரமில்லாத பைப்பா?’ என்று கேட்பவர்கள் அதிகம். நான் முதலில் பார்ப்பது, பக்கத்தில் தொங்கும் வால்வைத்தான்.

இரண்டு அங்குல பி.வி.சி. பைப்பில் வார்ப்பிரும்பு கேட் வால்வை மாட்டினால், ஏறக்குறைய 10 கிலோ எடை அந்தரத்தில் நிற்கிறது. மோட்டார் ஓடினால் அதிர்வு. சக்கரத்தைத் திருகினால் முறுக்கு. சட்டென்று மூடினால் ஓடிவந்த தண்ணீர் மோதும் வேகம். எல்லாம் போய் விழுவது மரை போட்ட இணைப்பின் மீது. வெயிலில் காய்ந்து மொறுமொறுப்பான பி.வி.சி. அங்கேதான் விரிசல் விடும்.

குறிஞ்சிப்பாடி பக்கத்தில் ஒரு சிறு விவசாயிக்கு, கோடை நிலக்கடலை விழுது இறங்கும் சமயத்தில் இப்படி உடைந்தது. ஆள் கிடைத்துச் சரிசெய்ய நான்கு நாள். இணைப்பின் விலை சொற்பம். மகசூலில் போனது பெரிது.

செய்ய வேண்டியது எளிது. வால்வின் அடியில் செங்கல் அல்லது கான்கிரீட் மேடை கட்டி, முதலில் வால்வை அதில் உட்கார வையுங்கள். பிறகு பைப்பை இணையுங்கள். பைப்பை இழுத்து, வளைத்துப் பொருத்தாதீர்கள். வால்வின் இருபுறமும் ஓர் அடிக்குள் கிளாம்பு போடுங்கள்; இடையில் பழைய சைக்கிள் டியூப் துண்டு இருந்தால் பைப் அறுபடாது. வெயில் படும் பைப்புக்கு வெள்ளை பெயின்ட் அடியுங்கள்.

சிதம்பரம், காட்டுமன்னார்கோவில் விவசாயிகளுக்கு ஒரு வார்த்தை. களிமண் கோடையில் வெடிக்கும், மழையில் உப்பும். ஒற்றைச் செங்கல் சாய்ந்துவிடும். ஒன்றரை அடி தோண்டி, மணல் நிரப்பி, அகலமான பலகைக் கல் போட்டு, வால்வு மேடை, கிளாம்பு இரண்டையும் அதன்மேலேயே நிறுத்துங்கள்.

புதிதாக வாங்குவோர், இந்த அளவுக்கு எடை குறைந்த பி.வி.சி. பால் வால்வே வாங்கலாம். அது கால் சுற்றில் மூடிக்கொள்ளும். அதனால் மெதுவாகத் திருப்புங்கள்.

சிறு, குறு விவசாயிகளுக்கு 100 சதவிகித மானியத்தில் சொட்டுநீர் கிடைக்கிறது. அதைக் காப்பது நம் கையில். நாளைக்கு வயலுக்குப் போனதும் வால்வைத் திருகிப் பாருங்கள். கூடவே பைப்பும் அசைந்தால், முட்டு போதவில்லை என்று அர்த்தம்.