முக்கோணமும் வட்டமும்

"இந்தப் பேரெல்லாம் எதுக்கு மகன்? காணிக்கா, நிவாரணத்துக்கா?"

2012இல் ஓர் இரவு புத்தளத்திலிருந்து தொலைபேசியில் உம்மா கேட்ட கேள்வி இது. அப்போது எனக்கு முப்பத்து மூன்று வயது. கலிபோர்னியாவில், குப்பர்ட்டினோ நகரின் டி அன்சா கல்லூரியில் மானிடவியல் மாணவனாக இருந்தேன். மூன்று தலைமுறைகளின் உறவு வரைபடத்தை வரைந்து வரும்படி ஆசிரியை பணித்திருந்தார். ஆணுக்கு முக்கோணம், பெண்ணுக்கு வட்டம், திருமணத்துக்குச் சமக்குறி, மௌத்தானவருக்குக் குறுக்கே ஒரு கோடு.

உம்மாவின் சந்தேகத்தில் நியாயமிருந்தது. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் தமது பிடியிலிருந்த வடபுலத்திலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். ஏறத்தாழ 75,000 பேர். முல்லைத்தீவு மாவட்டத்துத் தண்ணீரூற்றிலிருந்து வந்த எங்கள் குடும்பமும் அதில் ஒன்று. அப்போது எனக்குப் பதினொரு வயது. அன்றிலிருந்து உம்மாவிடம் பெயர் கேட்டு வந்தவர்கள் எல்லோரும் படிவத்தோடுதான் வந்தார்கள். நிவாரண அட்டை, வீட்டுத் திட்டம், வாக்காளர் பதிவு, மீள்குடியேற்றம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு படிவம். மகனும் அதே வரிசையில் பெயர் கேட்டதும் அவ பயந்துவிட்டா.

நான் அந்தக் கல்லூரிக்குப் போன கதையையும் சொல்ல வேண்டும். எங்கள் நாட்டில் உயர்தரப் பரீட்சையில் மூன்று தடவைகள் தோற்றலாம். அதற்குள் போதிய புள்ளி கிடைக்காவிட்டால் அரச பல்கலைக்கழகத்தின் கதவு மூடிவிடும். கிடுகுக் கொட்டிலில் குப்பி விளக்கில் படித்து மூன்று தடவையும் தோற்றினேன். மூன்றாவது தடவை சில புள்ளிகளால் தவறியது. வன்னியில் எங்கள் கண்ணெதிரே ஒரு கதவு திறந்ததும் உண்டு. நாங்கள் வெளியேறிய மறு ஆண்டு, 1991இல், வவுனியாவில் இணைந்த பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கியது. 1997இல் அது யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வளாகமாயிற்று. 2021இல் தனிப் பல்கலைக்கழகமாகவே உயர்ந்துவிட்டது. அந்தக் கதவும் என் புள்ளிகளுக்குத் திறக்கவில்லை.

பிறகு கடைகளில் கணக்கெழுதினேன். 2007இல் அமெரிக்க விசாக் குலுக்கலில் பெயர் விழுந்தது. சான் ஹொசேயில் ஒரு களஞ்சியத்தில் இரவு வேலை. அங்கே கூட வேலை செய்த மெக்சிக்கோக்காரப் பெண்தான் சமுதாயக் கல்லூரி பற்றிச் சொன்னாள். பதினெட்டு வயது நிரம்பியிருந்தால் போதும், நுழைவுப் புள்ளி யாரும் கேட்கமாட்டார்கள் என்றாள். நான் நம்பவில்லை. ஆனால் 1960இல் கலிபோர்னியா வகுத்த உயர்கல்வித் திட்டத்தின் அடிப்படையே அதுதான். படிக்க விரும்பும் எவருக்கும் சமுதாயக் கல்லூரியில் இடம் உண்டு. முதலிரண்டு வருடங்களை அங்கே முடித்துவிட்டு மூன்றாம் வருடத்துக்குப் பல்கலைக்கழகம் மாறலாம். 2010இல் வந்த சட்டம் இந்த மாற்றத்துக்கெனத் தனி இணைப்பட்டத்தையே உருவாக்கியது. அதை முடித்தவருக்கு மாநிலத்தின் அரச பல்கலைக்கழகங்களுள் ஒன்றில் இடம் உறுதி. அலகுக்கு 31 டொலர் கட்டிப் பதிந்தபோது எழுதுநரிடம் "பரீட்சை எப்போது?" என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டு வகுப்பறை எண்ணைத் தந்தார்.

கணக்கியல் படிக்கத்தான் போனேன். கட்டாயப் பாடத் தொகுதி ஒன்றை நிரப்ப மானிடவியல் வகுப்பில் உட்கார்ந்தேன். ஒரு நாள் ஆசிரியை பலகையில் 'திராவிட உறவுமுறை' என்று எழுதினார். லூயிஸ் ஹென்றி மோர்கன் என்ற அமெரிக்கர் 1871இல் வெளியிட்ட நூலில், நியூயோர்க் மாநிலத்துச் செனெக்கா பழங்குடியினரின் உறவுச் சொற்களும் தமிழரின் உறவுச் சொற்களும் ஒரே ஒழுங்கில் அமைந்திருப்பதைக் கண்டு வியந்திருக்கிறார். வாப்பாவின் சகோதரர் இன்னொரு வாப்பா. உம்மாவின் சகோதரர் மாமா. மாமாவின் மகன் மச்சான். வகுப்பில் மற்றவர்கள் மனனம் செய்ய முயன்றதை நான் பிறந்ததிலிருந்தே பேசி வந்திருக்கிறேன். வாப்பா, சாச்சா, லாத்தா என்று எங்கள் சொற்கள் சில வேறு. ஆனால் அச்சு ஒன்றுதான். மார்க்கம் தடுக்காவிட்டாலும், சாச்சாவின் மகளைத் தங்கச்சி என்றே கூப்பிட்டுப் பழகிய எங்களிடம் அவளை முடிக்கும் வழக்கமில்லை. நாங்கள் யார் என்று எங்கள் நாட்டில் எத்தனையோ மேடைகளில் பிறர் தீர்ப்புச் சொல்லக் கேட்டிருக்கிறேன். ஒரு பலகையில் ஐந்து நிமிடத்தில் அதற்கு ஒரு விடை கிடைத்தது போலிருந்தது. அந்தத் தவணையே கணக்கியலை விட்டேன்.

கூடவே ஓர் உறுத்தலும் வந்தது. இந்த வரைபட முறையைப் பரப்பிய றிவர்ஸ், 1898இல் டொறஸ் நீரிணைக்குப் போன கேம்பிறிட்ஜ் குழுவில் இருந்தவர். பிறகு நீலகிரித் தோடர்களிடம் அதே முறையில் பெயர் கேட்டு 1906இல் நூல் எழுதினார். அதே குழுவிலிருந்த செலிக்மன், மனைவியோடு எங்கள் தீவுக்கு வந்து வேடர்களைப் பற்றி 1911இல் எழுதினார். கேட்டவர்கள் கப்பலேறிப் போய்விட்டார்கள். சொன்னவர்கள் இருந்த இடத்திலேயே இருந்தார்கள். உம்மாவின் கேள்வி அந்த நூல்களுக்குள்ளும் இருந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

அன்றிரவு உம்மா சொல்லச் சொல்ல எழுதினேன். ஆறு பிள்ளைகள், பத்தொன்பது பேரப்பிள்ளைகள். 1990இல் ஒரு குடும்பமாகப் புறப்பட்டோம். இப்போது ஆறு குடும்பங்கள். தண்ணீரூற்றிலுள்ள காணியோ அதே அரை ஏக்கர்தான். மீள்குடியேற்றத்தின் சிக்கல் முழுவதும் அந்த ஒற்றைத் தாளில் இருந்தது. வாப்பாவுக்குக் குறுக்கே கோடு போட்டேன் என்றதும், "எங்க அடக்கினதெண்டும் எழுது" என்றா. வாப்பா புத்தளத்து மையவாடியில், அவருடைய வாப்பா தண்ணீரூற்றில். வரைபடத்தில் அதற்கு இடமில்லை. ஓரத்தில் எழுதினேன்.

கடைசியில் உம்மா கேட்டா: "முன்வீட்டு மாமிய எங்க போட்ட?"

அவர் தமிழர், எங்களுக்கு இரத்த உறவில்லை என்று விளக்கினேன்.

"அவவ விட்டுட்டு என்னத்த எழுதுற?" என்று உம்மா தொலைபேசியை லாத்தாவிடம் கொடுத்துவிட்டா.

2014 ஜூனில் கல்லூரி முடிந்தது. சான் ஹொசே அரச பல்கலைக்கழகத்தில் இடமும் கிடைத்திருந்தது. இடைப்பட்ட விடுமுறையில் ஊருக்குப் போனேன். நோன்பு காலம். நானாவோடு புத்தளத்திலிருந்து வவுனியா, மாங்குளம், ஒட்டுசுட்டான் வழியாகத் தண்ணீரூற்றில் இறங்கினோம். எங்கள் வீட்டில் அத்திவாரமும் கிணற்றுக் கட்டும் மிஞ்சியிருந்தன. நான் குறிப்புப் புத்தகத்தோடு நிற்பதைக் கண்ட ஒருவர் "எந்த நிறுவனம்?" என்று கேட்டார். இந்த ஊர்க்காரன் என்றேன். அவர் நம்பியதாகத் தெரியவில்லை.

மாமி நம்பினார். முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு என் வீட்டுப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். தேத்தண்ணி வைக்க அடுப்படிக்குப் போனவர் பாதியில் திரும்பி வந்தார். "ஐயோ, நோன்பெல்லே! உன்ர உம்மா செம்புக்குள்ள கஞ்சி அனுப்புவா, மறந்து போனன்" என்றார்.

அவரிடம் கேட்பதற்காக ஒரு கேள்விப் பட்டியலை எழுதிக்கொண்டு போயிருந்தேன். நாங்கள் போன பிறகு எங்கள் காணியை யார் பார்த்தார்கள், கிணறு யாருக்குப் பயன்பட்டது, பள்ளிவாசல் எப்படி இருந்தது. அவர் எல்லாவற்றுக்கும் சுருக்கமாகப் பதில் சொன்னார். பிறகு, "கொப்பியில என்ன கீறி வைச்சிருக்கிறாய்?" என்றார். வரைபடத்தைக் காட்டி, குறிகளை விளங்கப்படுத்தினேன்.

"அப்ப எங்கட ஆக்களையும் கீறு தம்பி."

புதிய பக்கம் ஒன்றைத் திருப்பினேன். கணவர், 2009 மார்ச், ஷெல் விழுந்தது. கோடு. மூத்த மகள், அதே வருடம் மே, முள்ளிவாய்க்கால். கோடு. மகளின் குழந்தை. வட்டமா முக்கோணமா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. "பெடியன்" என்று அவரே சொன்னார். இளைய மகனைச் சரணடைந்தவர்களோடு பஸ்ஸில் ஏற்றியதைத் தன் கண்ணாலேயே கண்டிருக்கிறார். அதன் பிறகு தகவல் இல்லை. அவனுக்குரிய முக்கோணத்தைக் கீறினேன். பழக்கத்தில் பேனை அடுத்த குறியை நோக்கிச் சரிந்தது.

மாமி என் கையைப் பிடித்தார். "கோடு போடாத."

நான் கற்ற வரைபட முறையில் உயிரோடிருப்பவருக்கு ஒரு குறி உண்டு, இறந்தவருக்கு ஒரு குறி உண்டு. காணாமல் ஆக்கப்பட்டவருக்கு ஒன்றுமில்லை. முக்கோணத்தை அப்படியே விட்டேன். எங்களை வெளியேற்றிய இயக்கத்தில் அவன் இருந்தானா என்ற கேள்வி என் மனதில் எழவில்லை என்று சொன்னால் பொய். எழுந்தது. கேட்கவில்லை. மாமி தானாகவே சொன்னார்: "உங்கள அனுப்பின அண்டைக்கு நாங்கள் கதவைச் சாத்திக்கொண்டு இருந்தனாங்கள். பயம். அதையும் எழுது."

எழுதினேன். பெயரைப் போடலாமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார். இக்கட்டுரையில் பெயர்கள் இல்லாததற்குக் காரணம் அதுதான். மஃரிபுக்கு முன் பேரீச்சம்பழம் வாங்கக் கடைக்கு ஆள் அனுப்பினார். கிடைக்கவில்லை. எங்கள் கிணற்றில் அள்ளிய தண்ணீரில்தான் நானும் நானாவும் நோன்பு திறந்தோம்.

பல்கலைக்கழகத்தில் இரண்டு வருடங்கள் படித்து 2016இல் பட்டம் பெற்றேன். ஷாரிகா திராணகம புத்தளத்து வடக்கு முஸ்லிம்களிடமும் பேசி 2011இல் எழுதிய நூலை அங்கேதான் வாசித்தேன். டெனிஸ் மெக்கில்வ்றே அக்கரைப்பற்றுத் தமிழரையும் முஸ்லிம்களையும் ஒன்றாக வைத்து எழுதிய 2008ஆம் ஆண்டு நூலும் அங்கேதான் கிடைத்தது. இரண்டும் பெறுமதியானவை. ஆனாலும் எனக்கு மானிடவியல் கற்பித்த வகுப்பு எதுவென்று கேட்டால் மாமியின் திண்ணையைத்தான் சொல்வேன். கேட்க வந்தவன் கேட்டதோடு நிற்க முடியாது, சொல்பவருடைய இழப்பும் அதே கொப்பியில் ஏற வேண்டும் என்பதை அங்கேதான் கற்றேன்.

2017 மார்ச்சில் முல்லைத்தீவில் காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் வீதியோரம் கொட்டகை போட்டு அமர்ந்தார்கள். மாமியும் போய் அமர்ந்ததாக நானா சொன்னார். காணி விடயம் இன்னும் முடியவில்லை. ஆறு குடும்பங்களில் ஒன்றுதான் திரும்பியிருக்கிறது.

ஊரிலிருந்து திரும்பும் வழியில் உம்மாவிடம் கொப்பியைக் காட்டினேன். எங்கள் பக்கத்துக்கும் மாமியின் பக்கத்துக்கும் நடுவே ஒரு கோடு இழுத்திருந்தேன். புள்ளிக்கோடு. அதற்கு எந்தப் பாடநூலிலும் அர்த்தமில்லை. இது என்ன என்று உம்மா கேட்டா.

"கஞ்சி" என்றேன்.

உம்மா தலையசைத்துவிட்டு, மாமியின் இளைய மகனுடைய முக்கோணத்தில் விரலை வைத்து, "இவன் சின்னப் பெடியன்" என்றா.