தன்னொளி இல்லாத திரை

எங்கள் கோயில்பிள்ளை 70 வயதைக் கடந்தவர். 30 ஆண்டுகளுக்கு மேலாக மூவேளைச் செபத்திற்கு மணியடித்து வருபவர். காலை 6, நண்பகல் 12, மாலை 6 என அவர் கயிற்றை இழுக்கும் வேளையைக் கொண்டே உலை வைப்போரும், வேலையை நிறுத்தி நிழலுக்கு ஒதுங்குவோரும் எங்கள் ஊரில் உண்டு.

சென்ற தவக்காலத்தில் அந்த மணி தவறத் தொடங்கிற்று. ஒருநாள் அரைமணி நேரம் தாமதம், மற்றொருநாள் ஒலிக்கவேயில்லை. பங்குப் பேரவையில் பேச்சு எழுந்தது. "பெரியவருக்கு வயதாகிவிட்டது சாமி. மின்மணி ஒன்று வாங்கிவிடுவோம்" என்றார்கள். நானும் தலையசைத்தேன். ஏன் தவறுகிறது என்று அவரிடம் ஒரு சொல் கேட்காமலேயே தலையசைத்தேன் என்பதை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும்.

அந்நாள்களில் ஓர் இளைஞன் என்னைத் தேடி வந்தான். முன்னாள் பீடச்சிறுவன், இப்போது தொழிற்பயிற்சி நிலையத்தில் படிக்கிறான். என் மேசை அறைக்குள் நெடுங்காலமாக உறங்கிய பழைய கைப்பேசியைக் கேட்டான். 1998இல் வெளிவந்த நோக்கியா 5110 அது. "போன் வேண்டாம் சாமி, அதன் திரை மட்டும் போதும்; நேரம் காட்டும் பெட்டி ஒன்று செய்கிறேன்" என்றான்.

பங்கு இல்லத் திண்ணையிலேயே வேலை தொடங்கியது. குறுக்கே 84, நெடுக்கே 48 என மொத்தம் 4032 புள்ளிகள் கொண்ட சிறு திரை. விரல் நீளமே உள்ள ஆர்டுயினோ பலகையோடு அதை மெல்லிய கம்பிகளால் பற்றவைத்தான். திரைக்கு 3.3 வோல்ட்டே ஏற்றது என்பதால், அதே மின்னழுத்தத்தில் இயங்கும் பலகையைத் தேர்ந்திருந்தான். மின்சாரம் நின்றாலும் நேரம் மறக்காத கடிகாரச் சில்லு ஒன்றையும், பழுதான வேறொரு கைப்பேசியின் அதிர்வு மோட்டாரையும் சேர்த்தான்.

அருகிலிருந்து பார்த்தபோதுதான் திரவப் படிகத்தின் விந்தை எனக்கு விளங்கிற்று. 1888இல் ரெய்னிட்சர் என்னும் ஆஸ்திரியத் தாவரவியலார் ஒரு பொருளைச் சூடாக்கினார். அது 145.5 பாகையில் உருகிக் கலங்கலாய் நின்றது, 178.5 பாகையிலேயே தெளிந்தது. இடைப்பட்ட நிலையில் அது பாயும் நீர்மமாகவும் இருந்தது, ஒழுங்குடைய படிகமாகவும் இருந்தது. அத்தகைய பொருளே இத்திரையின் இரு கண்ணாடிகளுக்கிடையே முறுக்கிக் கிடக்கிறது. மின்னழுத்தம் பட்டால் முறுக்கு அவிழ்கிறது. அவ்விடத்தில் ஒளி தடைபட்டுக் கரும்புள்ளி தோன்றுகிறது. அப்புள்ளிகளே எழுத்தாகின்றன. திரைக்கெனத் தனி ஒளி கிடையாது.

மூன்று மாலைகள் கழிந்தும் திரை வெறுமையாகவே இருந்தது. "பற்றவைத்த சூட்டில் கெட்டிருக்கும். விட்டுவிடு, புதியது வாங்கித் தருகிறேன்" என்றேன். அவன் விடவில்லை. நிரலில் இருந்த ஓர் எண்ணை மட்டும் சிறிது சிறிதாக உயர்த்தினான். எழுத்தின் கருமையை முடிவுசெய்யும் அளவு அது; மிகக் குறைந்தால் திரை வெறுமையாகும், மிகுந்தால் முழுவதும் கறுத்துவிடும். நான்காம் மாலை, மங்கலாய்த் தோன்றிய எழுத்துகள் கண்முன்னே தெளிந்தன.

"திரை கெடவே இல்லை சாமி. அதுக்கு ஏற்ற அளவை நாமதான் கொடுக்கலை" என்றான். பிறகு தயங்கியபடி தொடர்ந்தான்: "கோயில்பிள்ளைத் தாத்தாவுக்கும் அப்படித்தான். அலாரம் பக்கத்திலேயே அடிக்குது, அவருக்குக் கேட்கலை. நான் நின்னு பார்த்தேன். அவருக்காகத்தான் இதைச் செய்யிறேன்."

நான் வாயடைத்துப் போனேன். குருமடத்தில் இறையியல் கற்றவன் நான். காணாமற்போன ஆட்டைத் தேடிச் செல்லும் ஆயனைப் பற்றி ஆண்டுதோறும் மறையுரை ஆற்றுபவன். ஆனால் நின்று பார்த்தவன் அந்தச் சிறுவன். கூட்டத்தில் அமர்ந்து தலையசைத்தவன் நான்.

மறுநாள் பெரியவரிடம் சென்று மன்னிப்புக் கேட்டேன். அவர் திகைத்தார். "காது போயிருச்சுன்னு எனக்கே தெரியலியே சாமி. கடிகாரந்தான் ரிப்பேருன்னு நினைச்சிட்டிருந்தேன்" என்றார். சட்டைப் பையில் வைத்த பெட்டி வேளைக்கு 5 நிமிடம் முன்பாக அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தார், திரையில் ஒரு சிறு மணியின் படமும் நேரமும் தெரிந்தன. குழந்தையைப் போலச் சிரித்தபடி மணிக்கூண்டை நோக்கி நடந்தார். மின்மணி வாங்கும் பேச்சைப் பேரவையில் நானே திரும்பப் பெற்றேன்.

திருமுழுக்கு யோவான் ஒளியல்ல, ஒளிக்குச் சான்று பகர வந்தவர் என்கிறது நற்செய்தி. நாமும் அப்படியே. நமக்கென ஒளி இல்லை. நம்மை ஊடுருவும் ஒளியைக் கடத்தவோ தடுக்கவோ மட்டுமே நம்மால் இயலும். அந்தக் கூட்டத்தில் நான் தடுத்தேன். என் மேசையில் வீணே கிடந்த ஒரு திரையைக்கொண்டு, அந்த இளைஞன் ஒரு முதியவரின் பணியையும் மதிப்பையும் காத்தான்.

இப்போது மாலை 6 மணி. கோயில் மணி ஒலிக்கிறது. எழுதுகோலை வைத்துவிட்டு எழுந்து நிற்கிறேன்.